டாலிஸின் மெட்டில் கைவைக்கலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் ஞாயிறு மாலை ஆங்கில ஆராதனைக்குச் சிறிய பாடகர் குழு ஒன்றை நடத்திவருகிறேன். ஆங்கிலப் பாடலாசிரியர் தாமஸ் கென்னின் மாலைப் பாடலை, பதினாறாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் டாலிஸின் ‘டாலிஸ் கேனன்’ மெட்டில் நான்கு குரலாகப் பாட ஆசை. சொப்ரானோவுக்கும் (உயர்ந்த பெண் குரல்) ஆல்டோவுக்கும் (தாழ்ந்த பெண் குரல்) ஆளிருக்கிறது. ஆண்கள் நான்கைந்து பேர்தான், டெனர் (உயர்ந்த ஆண் குரல்) என்று சொல்ல ஒருவருமில்லை. டெனர் வரியை மாற்றி எழுதாமல் முடியாது. கடைசிச் சரணத்தில் சுருதியை ஏற்றி, மேலே ஒரு டெஸ்கன்ட்டும் (மெட்டுக்கு மேலே போகும் தனி வரி) போடலாம் என்கிறார்கள் இளைஞர்கள். நானூறு வருஷத்து மெட்டு, ஒரு சுரத்தையும் தொடாதே என்கிறார்கள் மூத்தவர்கள். எவ்வளவு தூரம் போகலாம்?

– ஒரு வாசகர் (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டுள்ளார்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மூத்தவர்கள் காப்பாற்ற நினைக்கும் வடிவமே பலர் கைபட்டு வந்ததுதான். டாலிஸ் இதை எழுதியது கான்டர்பரி பேராயர் மாத்யூ பார்க்கரின் விவிலியச் சங்கீதப் புத்தகத்துக்காக. 1567 வாக்கில் ஜான் டே அச்சிட்ட புத்தகம் அது. அதன் கடைசியில் டாலிஸின் ஒன்பது மெட்டுகள் இருக்கின்றன. இது எட்டாவது, 67ஆம் சங்கீதத்துக்கு உரியது. அங்கே ஒவ்வோர் அடியின் இசையும் இரண்டு முறை வரும். அதை வெட்டி இன்றைய அளவுக்குச் சுருக்கியவர் இசைஞர் தாமஸ் ரேவன்ஸ்கிராஃப்ட், 1621இல். கென் தன் பாடலை வின்செஸ்டர் கல்லூரி மாணவர்களுக்காக எழுதியபோது டாலிஸ் இறந்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆகியிருந்தது. அந்தச் சொற்களை டாலிஸ் பார்த்ததே இல்லை.

எனவே தாராளமாகக் கைவையுங்கள். ஆனால் எதை எடுத்தால் இந்த மெட்டு செத்துப்போகும் என்பதைத் தெரிந்துகொண்டு வையுங்கள்.

முதல் அடியை டானிக் சோல்ஃபாவில் (மேற்கத்திய சுரப்பெயர் முறை) பாடிப் பாருங்கள்: டோ டோ டீ டோ, டோ ரே ரே மீ. முதல் குரல் நான்கு சுரம் பாடி முடித்து ஐந்தாவதைத் தொடும்போது இரண்டாம் குரல் அதே அடியை ஆரம்பிக்கிறது. இப்படி ஒரே மெட்டை ஒரு குரலின் பின்னால் இன்னொன்று தொடர்வதுதான் கேனன். ஆறாவது சுரத்தில் முதல் குரல் ‘ரே’ என்கிறது, இரண்டாம் குரல் இன்னும் ‘டோ’வில் நிற்கிறது. இரண்டும் உரசும். அடுத்த சுரத்திலேயே இரண்டாம் குரல் ‘டீ’க்கு இறங்க, உரசல் தீர்ந்துவிடும். அந்த ‘டோ டோ டீ’யைத் தனியாகப் பாடினால் ஒன்றுமே இல்லை, குழந்தைப் பாட்டு மாதிரி இருக்கும். தாமதமாக வந்து இன்னொரு சுரத்தின்மேல் மோதும்போதுதான் அது ஏன் அங்கே இருக்கிறது என்று புரியும். கேனனை எடுத்துவிட்டு மேல்வரிக்கு வெறும் ஹார்மனி போட்டால் மிஞ்சுவது அந்தக் குழந்தைப் பாட்டுதான்.

டெனர் பிரச்சினைக்கு வருவோம். பார்க்கர் புத்தகத்தில் டெனர்தான் முன்னால் போகும், மேல்குரல் பின்தொடரும். இன்றைய பாட்டுப் புத்தகங்களில் சொப்ரானோ முன்னால், டெனர் பின்னால். இரண்டும் பாடுவது ஒரே மெட்டை, ஓர் எட்டுச் சுர இடைவெளியில். அதனால் யார் முந்தினாலும் அந்தந்த நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் பெயர் மாறாது, இருக்கும் உயரம்தான் மாறும். உங்களுக்கு வேண்டிய சுதந்திரம் இங்கேயே கிடைத்துவிடுகிறது. ஜி சுருதியில் இருப்பதை எஃப்புக்கு இறக்குங்கள். உங்கள் ஆண்கள் எல்லோரும் டெனர் வரியைப் பாடட்டும், அந்த உயரம் அவர்களுக்கு எட்டும். பேஸ் (தாழ்ந்த ஆண் குரல்) வரியை ஆர்கன் பார்த்துக்கொள்ளும். சுருதியை இறக்கக் கூச்சப்பட வேண்டாம். டாலிஸ் காலத்தில் தாளில் எழுதிய சுரத்துக்கு இன்றுபோல் நிலையான சுருதி கிடையாது. 1906இல் ‘இங்கிலிஷ் ஹிம்னல்’ என்ற பாமாலைப் புத்தகத்துக்கு இசைப் பதிப்பாசிரியராக இருந்த இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸும் சபையார் சேர்ந்து பாட வேண்டுமென்று மெட்டுகளின் சுருதியைத் தாழ்வாகத்தான் வைத்தார்.

இரண்டாம் குரலை ஆல்டோவுக்கே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். முடியும். ஆனால் அப்போது அந்த ரேயும் டோவும் ஒரே உயரத்தில் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களாக நிற்கும். பழகாத பாடகர்கள் பயந்து ஒருவர் மற்றவர் பக்கம் சரிந்துவிடுவார்கள்.

திருத்தவே கூடாத ஒன்றைச் சொல்கிறேன்: குரல்கள் நிற்காமல் ஒன்றன்மேல் ஒன்று ஓடுவது. ஒவ்வோர் அடி முடிவிலும் எல்லோரும் சேர்ந்து நிறுத்தி மூச்சு வாங்குவது ஆராதனையில் ஊறிப்போன பழக்கம். சில அச்சுப் பிரதிகள் அதற்கென்றே அடிதோறும் ஃபெர்மாட்டா (நிறுத்தி நீட்டச் சொல்லும் குறி) போட்டிருக்கும். மேல்குரல் அடியை முடிக்கும் அந்த இடத்தில் கீழ்க்குரலுக்கு இன்னும் நான்கு சுரம் பாக்கி. ‘மை காட், திஸ் நைட்’ என்ற பாதி அடி அந்தரத்தில் நிற்கும். எனவே ஃபெர்மாட்டாக்கள் அத்தனையையும் அழியுங்கள். மூச்சுக்குறியை ஒவ்வொரு குரலுக்கும் அதனதன் அடி முடிவில் தனித்தனியாகப் போடுங்கள். ஆர்கன் வாசிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பழக்கத்தில் கை தானாக நின்றுவிடும்.

வேகத்துக்கு பார்க்கரே குறிப்பு விட்டுப் போயிருக்கிறார். முதல் எட்டு மெட்டுகளின் குணத்தைச் செய்யுளாகச் சொல்லும்போது, மூன்றாவது சீறும், ஆறாவது அழும், எட்டாவது சாதுவாக அடக்கமான நடையில் போகும் என்கிறார். அடக்கம் சரி, இழுவை வேண்டாம். இழுத்தால் அந்த உரசல் பிழைபோலக் கேட்கும்.

டெஸ்கன்ட் வேண்டாம். இரண்டாம் குரல் நுழைவதைக் காது பிடித்துக்கொள்வதுதான் இங்கே சுகம், மேலே இன்னொன்று போனால் அது மூழ்கிவிடும். சுருதி ஏற்றமும் வேண்டாம். சரணத்துக்குச் சரணம் நிறுத்தாமல் ஓட்டினால், முதல் குரல் புதுச் சுருதிக்குப் போகும்போது பின்னால் வருபவர் பழைய சுருதியில் மாட்டிக்கொள்வார். இளைஞர்களுக்கு மாறுதல்தான் வேண்டுமென்றால் முதல் சரணத்தை எல்லோரும் ஒரே குரலாகப் பாடட்டும். மக்கள் தனியே பாடும்போது டெனர் வரி போதும், மற்றவை பெரிய குழுக்களுக்கும் தங்களுக்குள் பாடிக்கொள்பவர்களுக்கும் என்று பார்க்கர் புத்தகமே சொல்கிறது. ஒரு சரணத்தில் ஆண்கள் முந்தட்டும், பெண்கள் பின்தொடரட்டும். பழைய முறை அது. இளைஞர்களுக்குப் புதிதாகத்தான் இருக்கும்.

ஒன்று மட்டும். ஆல்டோ, பேஸ் வரிகளை இன்றைய பதிப்பு எதிலிருந்தும் அப்படியே நகலெடுக்காதீர்கள். டாலிஸுக்கு இனி காப்புரிமை இல்லை, அந்தப் பதிப்பாசிரியருக்கு இருக்கலாம். உங்கள் பிரதியின் அடியில் எந்த மூலம், எவ்வளவு சுருதி இறக்கம், யார் முந்துகிறார்கள் என்று குறித்துவையுங்கள். அடுத்து நடத்த வருபவருக்கு டெனர் கிடைத்தால் உங்கள் மாற்றத்தை அவர் எடுத்துவிடலாம்.