135 கிலோ எடை, ஆறடி நாலு அங்குல உயரம்: நாலு லட்சத்துக்குள் எந்தப் பழைய கார் எடுக்கலாம்? பெரிய செடான் சரியாக இருக்குமா?

செடான், அதாவது பின்னால் டிக்கி தனியாக நீண்டிருக்கும் கார், வேண்டாம். அவசரமாக இருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். கூரை உயர்ந்த ஹேட்ச்பேக் (டிக்கி தனியாக நீளாத சின்னக் கார்) அல்லது ஏழு சீட்டர் வண்டி பாருங்கள். வேகன் ஆர், கொஞ்சம் பழைய எர்டிகா, நல்ல நிலையில் கிடைத்தால் ஹோண்டா மொபிலியோ. ஏன் என்று சொல்ல என் கதைக்குப் போக வேண்டும், அது நீளம்.

நான் ஆறடி மூன்று, 128 கிலோ. "முதல்ல வெயிட்டைக் குறைங்க ப்ரோ" என்று கீழே எழுத விரலை நீட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு: சரி, குறைக்கிறேன். முப்பது கிலோ குறைத்தாலும் தலை கூரையில்தான் முட்டும். உயரத்தைக் குறைக்க ஏதாவது டயட் இருந்தால் அதைச் சொல்லுங்கள். கேட்டவர் கார் கேட்டிருக்கிறார், கஞ்சி கேட்கவில்லை.

எனக்கு வேலை கால்நடை மருந்து விற்பனை. வீடு சேலம். தர்மபுரி, நாமக்கல், ஆத்தூர் என்று ரோட்டிலேயே பொழுது போகும். பைக்கில் போய்ப் போய் முதுகு விட்டுப்போனதால் 2022-ல் கார் தேட ஆரம்பித்தேன். அது மோசமான நேரம். சிப் தட்டுப்பாட்டால் புது வண்டிக்கு மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது, அதனால் பழைய வண்டிக்காரர்கள் எல்லாம் வாய்க்கு வந்த விலை சொன்னார்கள். நாலு லட்சம் என்பதை நாலேகால் வரைக்கும் இழுக்கலாம் என்று வீட்டில் அனுமதி.

கூட வந்தது மச்சான். "மாமா, உங்க உடம்புக்கு நீளமான வண்டிதான் பொருந்தும், குட்டி வண்டியில நீங்க உக்காந்தா பாக்கறவன் சிரிப்பான்" என்று ஒரே பிடிவாதம். ஊரே இப்படித்தான் நினைக்கிறது. கார் வெளியே நீளமாக இருந்தால் ஓட்டுபவனுக்கு இடம் அதிகம் என்று. அந்த நீளத்தில் பாதி டிக்கிக்கும் பின்சீட்டுக்கும் போய்விடும். செடானில் கூரை தாழ்வு, அதற்கேற்ப சீட்டையும் தரையோடு தரையாக வைத்திருப்பார்கள். காலை நீட்டி, முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால் கை ஸ்டியரிங்கை எட்டாது, சீட்டை முன்னே இழுத்தால் முழங்கால் இடிக்கும். உயரமான கூரை வண்டியில் நாற்காலியில் உட்காருவது மாதிரி நிமிர்ந்து உட்காருகிறோம். கால் கீழ்நோக்கி மடங்குவதால் முன்பின் நீளம் அவ்வளவு தேவையே இல்லை. சூட்சுமம் அவ்வளவுதான், ஆனால் விற்பவன் ஒருவனும் சொல்ல மாட்டான்.

மச்சானுக்காகப் பழைய வண்டி விற்கும் ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் செடான் ஒன்றைப் பார்த்தோம். நான் கதவைத் திறந்ததும் அங்கே இருந்த பையன், "சார், பாத்து மெதுவா உக்காருங்க, இப்பதான் சீட் கவர் போட்டோம்" என்றான். மூன்று லட்சத்து எண்பதாயிரம் கொடுக்க வந்தவனிடம். உட்கார்ந்தேன். கழுத்தை இடது பக்கம் சாய்த்தால்தான் தலை உள்ளே நிற்கிறது. காரணம் மேலே சன்ரூஃப். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: சன்ரூஃப் உள்ள வண்டியில் அந்தச் சட்டத்துக்காகவே கூரை உள்பக்கம் ஓரிரு அங்குலம் இறங்கிவிடும். அதே மாடலில் சன்ரூஃப் இல்லாத வேரியன்ட் இருந்தால் அது நமக்கு நல்லது, விலையும் குறைவு. மச்சான் அப்பவும் விடவில்லை, "சீட்டைச் சாச்சுக்கலாம் மாமா". நான் வெளியே வந்துவிட்டேன்.

அப்புறம்தான் வேகன் ஆர் பார்த்தோம். 2019-ல் வந்த புது உடம்பு வேகன் ஆர், பழையது இல்லை. பெயர் ஒன்றுதான், ஆனால் நம்ம மாதிரி ஆளுக்கு இரண்டும் வேறு வேறு வண்டி. பழையது உயரம் உண்டு, அகலம் ஒன்றரை மீட்டரைத் தொடாது, பக்கத்தில் உட்காருபவரின் தோளும் நம் தோளும் உரசிக்கொண்டே போக வேண்டும். 2019 வண்டி 1620 மி.மீ. அகலம், 1675 மி.மீ. உயரம். உட்கார்ந்ததும் தலைக்கு மேல் கை முஷ்டியை வைத்துப் பார்த்தேன், இடம் இருந்தது. மச்சான் முகத்தைப் பார்க்கணுமே.

அங்கேயும் உடனே அட்வான்ஸ் கொடுக்கவில்லை. இங்கேதான் நீங்கள் நிதானமாக இருக்க வேண்டும். ஷோரூம் வாசலில் ரெண்டு நிமிஷம் உட்கார்ந்தால் எல்லா வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். நான் அந்த வண்டியை ஏற்காடு மலைப் பாதைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருபது கொண்டை ஊசி வளைவு. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பும்போதுதான் அது தொடையில் உரசுகிறதா, கை வயிற்றில் இடிக்கிறதா என்று தெரியும். டில்ட் ஸ்டியரிங் இல்லாத கீழ் வேரியன்ட் என்றால் நம் அளவுக்கு அது தேறாது, விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். ஸ்டியரிங் மேலே கீழே மட்டும் போகாமல் நம் பக்கம் இழுக்கவும் முடிந்தால் ரொம்ப நல்லது, கால் நீளமானவர்களுக்கு அது வரம். ஃபோக்ஸ்வேகன் போலோவில் அந்த வசதி உண்டு, ஆனால் கூரை வேகன் ஆர் அளவுக்கு உயரம் இல்லை. நீங்கள் காலில்தான் நீளம், உடம்பில் இல்லை என்றால் அதையும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்.

அடுத்தது பெடல். எனக்குக் கால் 12 சைஸ். பிரேக்கிலிருந்து ஆக்சிலரேட்டருக்குக் காலை மாற்றும்போது ஷூவின் ஓரம் பக்கத்துப் பெடலில் மாட்டினால் அந்த வண்டி வேண்டவே வேண்டாம். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே இறங்கும் எனக்கு அது எப்படிப்பட்ட ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் தினமும் போடும் ஷூவைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டிப் பார்க்க வேண்டும், செருப்பில் போய்விடாதீர்கள்.

ஷூ என்றதும் ஒரு வயிற்றெரிச்சல், சொல்லிவிடுகிறேன். சேலத்திலிருந்து காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் ஆம்பூர் போய்விடலாம். ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி முழுக்கத் தோல் தொழிற்சாலை. ஐரோப்பாக்காரன் காலுக்கெல்லாம் ஷூ தைத்துக் கப்பல் ஏற்றுகிறார்கள், அங்கே 12, 13 எல்லாம் சாதாரண சைஸ். சேலத்தில் கடைக்குப் போனால் "பத்துக்கு மேல வராது சார், வேணும்னா சாண்டக் செருப்பு பாருங்க". கல்யாணத்துக்குப் போட ஒரு கறுப்பு ஷூ வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில் ஆம்பூரிலேயே ஏற்றுமதியில் மிஞ்சின சரக்கு விற்கும் கடையில் கிடைத்தது, அதுவும் பழுப்பு நிறம். தைப்பது நம்ம ஊர் ஆள், தோல் நம்ம ஊர்த் தோல், நம்ம ஊர்க்காரனுக்கு மட்டும் சைஸ் கிடையாது. சரி, விடுங்கள்.

கியருக்கு வருவோம். கிளட்ச் மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் நம் இடது முழங்கால் ஸ்டியரிங் தண்டுப் பக்கம் உயரும். சேலம் அஞ்சு ரோட்டு டிராஃபிக்கில் அரை மணி நேரம் நின்று நின்று போனால் முட்டி பழுத்துவிடும். ஆகவே ஏஎம்டி பார்த்தேன், அதாவது கிளட்ச் பெடல் இல்லாமல் தானாகக் கியர் மாறுவது. மாருதியில் 2014 செலேரியோவில்தான் முதலில் வந்தது, அடுத்த வருஷம் வேகன் ஆரிலும் வந்துவிட்டது, அதனால் பழைய சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. கியர் மாறும்போது லேசாகத் தூக்கிப்போடும், உண்மைதான். பழகிவிடும். இடது காலை நீட்டி ஓரமாக வைத்துக்கொள்ள முடிவதற்கு அந்தக் குலுக்கலைப் பொறுத்துக்கொள்ளலாம்.

வேகன் ஆரை வாங்கின பிறகு ஒரு வேலை செய்தேன், இதை எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளை ஒட்டி சீட் தைப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒரு பெரியவரிடம் டிரைவர் சீட்டின் மெத்தையை மட்டும் கழற்றிக் கொடுத்தேன். பழைய வண்டியில் அந்த ஸ்பாஞ்ச் எப்படியும் நைந்திருக்கும், நம் எடைக்கு அது ஒரு பக்கமாக அமுங்கி இடுப்பைக் கொல்லும். அவர் கெட்டி ஸ்பாஞ்சு வைத்து, உட்காரும் இடத்தில் ஒரு அங்குலம் குறைத்து, தொடைக்குக் கீழே முன்பக்கம் நீட்டித் தைத்துக் கொடுத்தார். "நாப்பது டன் ஓட்டறவனுக்கே தைக்கிறேன் தம்பி, உங்களுக்கு என்ன" என்றார். தலைக்கும் இடம், தொடைக்கும் தாங்கல். ஆனால் சீட் ஓடும் தண்டவாளத்தை வெட்டிப் பின்னால் தள்ளி வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள், அதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். மோதினால் சீட்டைப் பிடித்து நிறுத்துவது அந்தத் தண்டவாளம்தான். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள வண்டி என்றால் கவர் தைப்பதையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

ஏர்பேக் பற்றிப் பேசும்போது இன்னொன்று. ஸ்டியரிங் நடுவிலிருந்து நெஞ்சுக்கு 25 செ.மீ.யாவது இடைவெளி வேண்டும் என்பார்கள். வயிறு பெரிசாக உள்ளவர்கள் ஒரு ஸ்கேலை எடுத்துப்போய் அளந்துவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. 2019 ஜூலைக்கு அப்புறம் தயாரான கார்களில் டிரைவர் ஏர்பேக் கட்டாயம், அதற்கு முந்தின கீழ் வேரியன்ட்கள் பலவற்றில் இருக்காது. சீட் பெல்ட்டையும் முழுசாக இழுத்து மாட்டிப் பாருங்கள். எட்டவில்லை என்றால் அந்த வண்டி வேண்டாம். சத்தம் வராமல் இருக்க வெறும் கிளிப்பைச் சொருகிக்கொண்டு ஓட்டும் பெரியவர்களைப் பார்த்து நீங்களும் செய்யாதீர்கள்.

இப்போது "வேகன் ஆர் தகர டப்பா, சேஃப்டி இல்லை" என்று வருபவர்கள். காரை மோதவிட்டுப் பாதுகாப்பைப் பார்க்கும் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்துக்கு 2019-ல் இரண்டு ஸ்டார், 2023-ல் ஒரு ஸ்டார், எனக்கும் தெரியும். ஐந்து ஸ்டார் வாங்கிய டாடா நெக்ஸானும் ஓட்டிப் பார்த்தேன், தலை இடிக்கவில்லை, நல்ல வண்டி. அன்றைக்கு என் பட்ஜெட்டைவிட ஒன்றரை லட்சம் மேலே. அதை நீங்கள் போட்டுக் கொடுத்தால் நாளைக்கே மாற்றிக்கொள்கிறேன். அன்பரே, உங்களுக்கு இப்போது ஓரளவு பழைய நெக்ஸான் பட்ஜெட்டுக்குப் பக்கத்தில் வந்தால் தாராளமாகப் பாருங்கள், நான் தடுக்கவில்லை.

இன்னோவா கேட்பீர்கள், எல்லோரும் கேட்பார்கள். உட்கார அதைவிடச் சுகமான வண்டி இந்த விலையில் இல்லை. ஆனால் நாலு லட்சத்துக்கு வரும் இன்னோவா பதினைந்து வருஷத்தைத் தொட்டிருக்கும். மறுபதிவு, எஃப்சி, பசுமை வரி என்று ஆர்டிஓ ஆபீஸ் அலைச்சல் இருக்கிறது, நிறைய வண்டி டாக்ஸியாக ஓடி வெள்ளை போர்டுக்கு மாறினது. எர்டிகாவிலும் அந்தச் சந்தேகம் உண்டு. முன்பு எந்த வகையில் பதிவாகி இருந்தது என்று விசாரித்துவிட்டு விலை பேசுங்கள்.

நம் எடையால் வண்டி கெட்டுவிடுமா என்ற பயம் வேண்டாம், ஐந்து பேரைச் சுமக்கக் கட்டின வண்டி அது. தினமும் தனியாகவே ஓட்டுவதால் வலது முன்பக்க ஷாக் அப்சார்பரும் ரப்பர் புஷ்ஷும் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் தேயலாம். வாங்கும்போதே மெக்கானிக்கைக் கூட்டிப்போய், நீங்கள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது கீழே பார்க்கச் சொல்லுங்கள். முன்சீட்டைக் கடைசி வரைக்கும் தள்ளிவிட்டால் வலது பக்கக் கதவுத் தூண் உங்கள் காதுக்கு நேரே வந்து பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும், அதையும் ஒரு ஜங்ஷனில் திரும்பிப் பார்த்துச் சோதியுங்கள்.

பேப்பர் வேலை உங்களுக்கும் எனக்கும் ஒன்றுதான். பெயர் மாற்ற ஃபாரம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து, லோன் இருந்தால் ஆர்சியில் அதை நீக்க ஃபாரம் 35-உம் பேங்க் என்ஓசியும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள், அதை "அப்புறம் பாத்துக்கலாம் சார்" என்று எந்தப் புரோக்கர் சொன்னாலும் பாக்கிப் பணத்தைக் கையில் பிடித்துக்கொண்டே பேசுங்கள்.