காதில் விழாத பெடலுக்குக் காசு கொடுக்கலாமா?

போன முறை கிடார் கம்ப்ரஸர் பெடல் (கிடாருக்கும் ஆம்ப்புக்கும், அதாவது ஒலிபெருக்கிக்கும், நடுவில் வைத்துக் காலால் மிதிக்கும் டப்பா) பற்றி ஒரு வாசகருக்கு நான்கு வரி பதில் சொன்னாலும் சொன்னேன், நாகர்கோவிலில் இருந்து களியக்காவிளை வரை கடிதம் குவிந்துவிட்டது. நம் மாவட்டத்தில் ரப்பர் ஷீட் காயாத வீட்டில்கூட ஒரு கிடார் தொங்கும்போல. சரி, இந்த முறை முழுக்க அதுவே. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: சர்ச் பாடகர் குழுவில் கிடார் வாசிக்கிறேன். 4,200 ரூபாய்க்குக் கம்ப்ரஸர் பெடல் வாங்கினேன். ஆன் செய்தாலும் ஆஃப் செய்தாலும் ஒரே மாதிரிதான் கேட்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (கருங்கல்)

ஏமாற்றியிருக்க வாய்ப்பு குறைவு. ஓசையைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை மிதித்தால் பக்கத்து வீட்டு நாய்க்கும் தெரியும். கம்ப்ரஸர் அந்த ரகம் இல்லை. ஓங்கி அடித்ததை அமுக்கும், அப்புறம் மொத்தத்தையும் கொஞ்சம் தூக்கிவிடும். மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் ஃபேடரில் விரல் வைத்துக்கொண்டு, சத்தம் எகிறினால் இறக்கி, தணிந்தால் ஏற்றுகிறார் அல்லவா? அதே வேலைதான், ஆள் மட்டும் டப்பாவுக்குள் இருக்கிறார்.

பெடல் வேலை செய்கிறதா என்று பார்க்க, சஸ்டெயின் என்றோ சென்சிட்டிவிட்டி என்றோ எழுதியிருக்கும் நாபை (திருகை) முழுக்க வலதுபக்கம் திருப்புங்கள். ஒரு கார்டை, அதாவது பல கம்பிகளைச் சேர்த்து, ஓங்கி அடித்து அப்படியே பிடித்திருங்கள். முதல் அடி அமுங்கிப்போய், பின்னால் ஓசை வீங்கி எழும். அது கேட்டால் பெடலில் கோளாறு இல்லை. பிறகு அந்த வீக்கம் தெரியாத இடம் வரை நாபைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.

அடுத்தது லெவல் நாப். ஆன், ஆஃப் இரண்டிலும் சத்தம் சமமாக இருக்கும்படி வையுங்கள். இதைச் செய்யாமல் எந்தக் கம்ப்ரஸரைப் பற்றியும் நல்லது கெட்டது பேசக் கூடாது. சத்தம் கொஞ்சம் கூடினாலே நம் காது அதை நல்ல டோன் என்று நம்பிவிடும். கடையில் டெமோ காட்டும்போது லெவலை ஒரு கோடு ஏற்றிவைத்து எனக்கே தலையில் கட்டியிருக்கிறார்கள்.

இப்படிச் சமமாக வைத்துவிட்டு ஒரு வாரம் ஆனிலேயே வாசியுங்கள். எட்டாம் நாள் ஆஃப் செய்து பாருங்கள். விரலால் ஒவ்வொரு கம்பியாக மீட்டும் இடங்களில் எதையோ காணோமே என்று தோன்றினால் உங்கள் 4,200 வீண் போகவில்லை. தோன்றவில்லையா, விற்றுவிடுங்கள்.

கேள்வி: எனக்கு ஸ்ட்ரம்மிங் (கம்பிகளை மொத்தமாக மீட்டுவது) சமமாக வராது. கம்ப்ரஸர் வாங்கினால் சரியாகுமா? (தக்கலை)

மூடி மறைக்கும். கை சரியாகாது.

கேள்வி: பெடலை ஆன் செய்தால் "ஸ்ஸ்" என்று இரைச்சல். வாசிக்காமல் இருக்கும்போதுதான் அதிகம். மாற்றித் தரச் சொல்லிக் கடைக்காரரிடம் சண்டை போடலாமா? (திங்கள்சந்தை)

முதலில் உங்கள் வீட்டு பிளக்பாயிண்டோடு சண்டை போடுங்கள்.

சத்தம் குறையும்போது தூக்கிவிடுவதுதான் கம்ப்ரஸரின் வேலை என்றேன். கம்பியின் ஓசை அடங்கியபின் தூக்குவதற்கு மிச்சம் இருப்பது இரைச்சல்தான், அதைத் தூக்குகிறது. சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைச் சுருள்) உள்ள கிடார், பழைய சோக் வைத்த டியூப்லைட், எர்த் இல்லாத வயரிங், மலிவு அடாப்டர், எல்லாவற்றின் முனகலும் அதில் சேர்ந்து வரும்.

இதை நான் ஊர் முன்னால் கற்றேன். ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் புதுக் கம்ப்ரஸரோடு போயிருந்தேன். பாட்டு முடிந்தது. "ஒரு நிமிடம் மௌனமாக ஜெபிப்போம்" என்றார் போதகர். எல்லோரும் கண்ணை மூடினார்கள். என் கடைசிக் கார்டு மெல்லத் தேய்ந்தது. தேயத் தேய ஆம்ப்பில் இருந்து "ஸ்ஸ்ஸ்" கிளம்பி, பருப்பு வேகும் குக்கர் மாதிரி ஏறிக்கொண்டே போனது. முன்வரிசைப் பாட்டி ஒருவர் கண்ணைத் திறந்து மின்விசிறியைப் பார்த்தார். பெடலை மிதித்து அணைக்கலாம்தான். ஆனால் அந்த மௌனத்தில் ஸ்விட்ச் "டக்" என்று கேட்கும். கிடாரின் வால்யூமைக் குறைத்தேன். பிக்கப் முனகல் நின்றது, "ஸ்" நிற்கவில்லை.

ஆக, கம்ப்ரஸரை ஓவர்டிரைவுக்கு (டிஸ்டார்ஷனின் சாதுவான தம்பி) முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால் அதன் இரைச்சலையும் சேர்த்துத் தூக்கும். சஸ்டெயினைப் பாதிக்குக் கீழே வையுங்கள். பேட்டரி போட்டுப் பாருங்கள். இரைச்சல் பாதியாகக் குறைந்தால் குற்றவாளி அடாப்டர். பேட்டரியிலும், வேறு வீட்டிலும், வேறு கிடாரிலும் அதே இரைச்சல் என்றால் அப்போது கடைக்குப் போங்கள்.

கேள்வி: குவைத்தில் இருந்து மச்சான் வருகிறார். எது வாங்கிவரச் சொல்வது? இரண்டு நாப் உள்ளதா, நான்கு நாப் உள்ளதா? (குலசேகரம்)

இரண்டு நாப் ரகத்துக்குப் பேர்போனது எம்எக்ஸ்ஆர் டைனா காம்ப், 1970களில் வந்தது. அவுட்புட், சென்சிட்டிவிட்டி, அவ்வளவுதான். தப்பாக வைக்கவே வழியில்லை, நுணுக்கமாக வைக்கவும் வழியில்லை. பாஸ் (Boss) நிறுவனத்தின் சிஎஸ்-3 யில் லெவல், டோன், அட்டாக், சஸ்டெயின் என்று நான்கு. அட்டாக் நாப் முக்கியம். மீட்டும் வில்லையான பிக், கம்பியில் படும் அந்த முதல் "டக்" வெளியே வருவதும் அமுங்கிப்போவதும் அதன் கையில். பிளெண்ட் என்று ஒரு நாப் உள்ள பெடல்களும் உண்டு. அமுக்காத ஓசையையும் கூடக் கலந்து தரும். அக்கூஸ்டிக் வாசிப்பவர் என்றால் நான் அதைத்தான் தேடுவேன்.

அங்கே வாங்கியதற்கு வாரண்டி பெரும்பாலும் அங்கேதான். கேட்டுவிட்டு வாங்கச் சொல்லுங்கள். அடாப்டரை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். அங்கே வாங்கினால் சதுரக்கால் பிளக்தான் வரும்.

கேள்வி: அடாப்டர் கிடைக்காததால் வைஃபை ரவுட்டரின் அடாப்டரைச் செருகினேன். முனை சரியாகப் பொருந்தியது. புகை வந்தது. வாரண்டி தரமாட்டேன் என்கிறார் கடைக்காரர். இது நியாயமா? (வெட்டூர்ணிமடம்)

நியாயம்.

தம்பி, முனை பொருந்துகிறது என்பதற்காக எந்தச் சாவியையும் எந்தப் பூட்டிலும் திருகுவீர்களா? பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், அதுவும் நடுவில் நெகட்டிவ். ரவுட்டர் அடாப்டர் பொதுவாக 12 வோல்ட், நடுவில் பாசிட்டிவ். பெடலின் ஓட்டை பக்கத்திலேயே சின்னப் படம் போட்டு எழுதியிருப்பார்கள். படிக்கச் சோம்பல்பட்டுவிட்டு நியாயம் கேட்டு எனக்குக் கடிதம் எழுத மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பல பெடல்களில் மின்சாரம் நுழையும் இடத்தில் காவலுக்கு ஒரு டயோடு இருக்கும். தலைகீழாகக் கொடுத்தால் முதலில் சாவது அதுதான். சில ரூபாய் சாமான். டிவி, ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள். போனது அதோடு நின்றிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

கேள்வி: ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் அடிக்கடி நின்று நின்று ஓடுகிறது. (கொட்டாரம்)

இந்த முறை அந்தக் கம்ப்ரஸர் இல்லை, சார்.

கேள்வி: கம்ப்ரஸர் போட்டால் வாசிப்பில் உயிர் போய்விடும் என்கிறார் எங்கள் குழுவின் மூத்த அண்ணன். நான் எப்போதும் ஆனில்தான் வைத்திருக்கிறேன். யார் சொல்வது சரி? (அருமனை)

அவர் எங்கே வாசிக்கிறார் என்பதைப் பொறுத்தது. வீட்டுத் திண்ணையில் சின்ன ஆம்ப் வைத்து, மெல்லத் தொட்டால் மெல்லவும் ஓங்கி அடித்தால் ஓங்கியும் கேட்க வேண்டும் என்பவருக்கு அது உயிரை எடுக்கிற பெட்டிதான். கீபோர்டு, டிரம் பேட், இருபது குரல், நடுவில் உங்கள் கிடார் என்றால் மெல்லத் தொட்டது ஒன்றும் வெளியே வராது. அங்கே கம்ப்ரஸர்தான் உயிர் கொடுக்கிறது. ஆனால் டிஸ்டார்ஷன் போட்டு வாசிக்கும் பாட்டில் அணைத்துவிடுங்கள். டிஸ்டார்ஷனே ஓசையை நன்றாக நசுக்கித்தான் தருகிறது. நசுங்கியதை மறுபடி நசுக்குவானேன்?

கேள்வி: மகன் கேட்டானென்று சீட்டுப் பணத்தில் 9,500 ரூபாய்க்கு ஆன்லைனில் கம்ப்ரஸர் பெடல் வாங்கினேன். வந்தது பழையது. பெட்டி புதுசு, உள்ளே கீறல், அடி ஸ்குருவில் துரு. கேட்டால் "எங்களிடம் இருந்து புதிதாகத்தான் வந்தது" என்கிறார்கள். கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்குத் துரு எது, அழுக்கு எது என்று தெரியாதா? (குளச்சல்)

அக்கா, உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும். நாலு முறை மறுத்தால் நீங்கள் சலித்து விட்டுவிடுவீர்கள் என்பது கணக்கு. விடாதீர்கள்.

அந்த ஸ்குருவைக் கிட்டத்தில் படம் எடுங்கள். பெட்டி, ஒட்டியிருந்த முகவரிச் சீட்டு, சீரியல் நம்பர், அவர்களோடு நடந்த உரையாடல் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பெடலை மகன் இனி மிதிக்க வேண்டாம். விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020இன் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று பதில் வர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்துவிடுங்கள்.

அப்படியும் அசையாவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. 2 ஆண்டு வரை நேரம் உண்டு, ஆனால் நீங்கள் இந்த வாரமே எழுதுங்கள். மனு எழுதத் தடுமாறினால் எனக்கு மறுபடி எழுதுங்கள், சேர்ந்தே எழுதுவோம்.

கேள்வி: பில் வேண்டாம் என்றால் 600 ரூபாய் குறைக்கிறேன் என்றார் கடைக்காரர். வாங்கினேன். மூன்றாம் வாரம் ஸ்விட்ச் போய்விட்டது. "எங்கள் கடையில் வாங்கியதற்கு என்ன ஆதாரம்?" என்கிறார். (மார்த்தாண்டம்)

இந்தக் கடிதத்தில் ஊர் மட்டும்தான் புதுசு. மிக்ஸி, செல்போன், இன்வெர்ட்டர் பேட்டரி, இப்போது கிடார் பெடல். பதினைந்து வருடமாகக் கத்துகிறேன், இன்னொரு முறையும் கத்திவிடுகிறேன்.

அவர் குறைத்தது விலையை என்று நினைக்கிறீர்கள். அவர் வாங்கிக்கொண்டது, நாளைக்கு நீங்கள் திரும்பி வந்தால் "நீ யார்?" என்று கேட்கும் உரிமையை. 600 ரூபாய்க்கு அதை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே: பில்லில் கெடு எழுதியிருந்தால் அதற்குள், எழுதாவிட்டால் 30 நாளுக்குள் எடுத்துக்கொண்டு பணத்தைத் தர வேண்டும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று சிவப்பு மையில் முத்திரை குத்திக்கொடுக்கிறார்களே, குறையுள்ள பொருளிடம் அந்த முத்திரை செல்லாது. ஆனால் அந்த முத்திரை குத்தவாவது ஒரு காகிதம் வேண்டுமே ஐயா! உங்களிடம் அதுவும் இல்லை.

இறக்குமதிப் பெடல் என்றால் பெட்டியையும் திருப்பிப் பாருங்கள். இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச விலை எல்லாம் ஒட்டியிருக்க வேண்டும். அந்தச் சீட்டு இல்லாத பெட்டி எந்த வழியாக வந்ததோ, அந்த வழியாகத் திரும்பிப் போக இடமில்லை.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், மேலே மௌன ஜெபத்தில் சீறியதே ஒரு பெடல், அதை நான் 400 ரூபாய் தள்ளுபடிக்காகப் பில் இல்லாமல்தான் வாங்கினேன். மறுவாரம் அந்தக் கடைக்காரர் என்னை முன்பின் பார்த்ததே இல்லை என்றார். நேரே பார்த்துத்தான் சொன்னார்.

உங்களுக்கு ஒரு வழி மிச்சம் இருக்கிறது. யுபிஐயில் பணம் அனுப்பியிருந்தால் அந்த வரவுசெலவுப் பதிவு ஆதாரம்தான். வாட்ஸ்அப்பில் விலை பேசியிருந்தால் அதுவும். இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் அமைதியாகக் காட்டுங்கள், குரலை உயர்த்த வேண்டாம். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், மெக்கானிக்கிடம் சொல்லி ஸ்விட்சை மாற்றிக்கொள்ளுங்கள். 600இல் மிச்சமே வரும்.

கேள்வி: கல்லூரி சீனியர் பழைய கம்ப்ரஸரை 2,500க்குத் தருகிறார். என்ன பார்த்து வாங்க வேண்டும்? (பார்வதிபுரம்)

உங்கள் கிடார், உங்கள் கேபிளோடு போங்கள். ஸ்விட்சைப் பத்து முறை மிதியுங்கள். ஒவ்வொரு நாபையும் திருப்புங்கள். "கரகர" என்றால் விலையில் குறையுங்கள். பேட்டரி மூடியைக் கட்டாயம் திறந்து பாருங்கள். உள்ளே பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தால் வேண்டாம். நம் ஊர் உப்புக்காற்றில் ஜாக்குகளும் கறுக்கும். கேபிளைச் செருகி மெல்ல ஆட்டும்போது ஓசை அறுந்தால் அதற்கும் குறையுங்கள். வாங்கியபின், வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். செருகியே வைத்தால் அணைத்திருந்தாலும் பேட்டரி தீரும். தனி ஆளிடம் வாங்குவதால் நாளைக்கு ஆணையம் அது இது என்று என்னிடம் வரக் கூடாது.

கேள்வி: நீங்கள் கம்ப்ரஸர் வாங்கி ஏமாந்ததாகப் போன முறை எழுதியிருந்தீர்கள். அது இன்னும் இருக்கிறதா? விற்பதானால் எனக்குத் தாருங்கள். (இரணியல்)

இருக்கிறது. ஸ்விட்சை இரண்டு முறை மிதித்தால்தான் பிடிக்கும். பேட்டரி மூடி தொலைந்துபோய் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன். "ஸ்" இலவசம். பில் கிடையாது. மேலே உள்ளதை எல்லாம் படித்த பிறகும் வேண்டும் என்றால், உங்களுக்கு விற்க எனக்கு மனசில்லை.