தேனீ முதுகில் சிப் ஒட்டுவதற்கு என்ன படிக்க வேண்டும்?

அன்புள்ள ஐயா,

தேனீ முதுகில் சிப் ஒட்டும் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, அந்த வேலைக்குத்தான் படிப்பேன் என்கிறாள் உங்கள் மகள். நீங்களோ “பூச்சி பிடிக்கவா இவ்வளவு மதிப்பெண் வாங்கினாள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். மார்த்தாண்டத்துக்காரர் கேட்கிற கேள்வியா இது? உங்கள் ஊர் ரப்பர்த் தோட்டங்களில் வைத்திருக்கும் தேன்பெட்டிகளால் எத்தனை வீடுகளில் உலை கொதிக்கிறது என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

மகள் பார்த்த வீடியோ அநேகமாக ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் நடந்த ஆய்வைப் பற்றியதாக இருக்கும். 2014 வாக்கில் சிஎஸ்ஐஆர்ஓ என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனம் அங்கே 5,000 தேனீக்களுக்குச் சிப் பொருத்தத் தொடங்கியது. குளிரில் வைத்தால் தேனீ சற்று நேரம் அசையாது. அதற்குள் இரண்டரை மில்லிமீட்டர் சிப்பை இடுக்கியால் எடுத்து, பசை தொட்டு, இறக்கையில் படாமல் முதுகில் ஒட்டிவிட வேண்டும். இளம் தேனீக்களுக்கு முடி அதிகம். சிலவற்றுக்குச் சவரம் செய்துதான் ஒட்டினார்கள். இதைக் கேட்டு மகள் சிரித்தால் நல்லது, முகம் சுளித்தால் யோசியுங்கள்.

அந்தச் சிப்பில் பேட்டரி கிடையாது. காரில் ஒட்டும் ஃபாஸ்டேக் மாதிரிதான். கூட்டின் வாசலைக் கடக்கும்போது அந்தத் தேனீயின் எண்ணும், கடந்த நேரமும் பதிவாகும். டோல்கேட்டைத் தாண்டிய கார் எங்கே போனது என்று ஃபாஸ்டேக் சொல்லாது, இதுவும் சொல்லாது. அதைச் சொல்ல இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1990களிலேயே ஒரு ரேடார் முறை வந்துவிட்டது. தேனீ முதுகில் மெல்லிய கம்பி ஒன்றை நிறுத்திவைப்பார்கள். ரேடார் அனுப்பும் அலையை அது இரட்டிப்பு அதிர்வெண்ணில் திருப்பி அனுப்பும். சில நூறு மீட்டர் வரை, திறந்த வெளியில் மட்டுமே பலிக்கும். உங்கள் ரப்பர் மரங்களுக்கு நடுவே உதவாது. போதாததற்கு, உங்கள் ஊர் அடுக்குத் தேனீ, மேல்நாடுகளில் வளர்க்கும் இத்தாலியத் தேனீயைவிடச் சிறியது. அதே சிப் இதற்குக் கூடுதல் சுமை. மகளுக்கான வேலை இந்த மாதிரிச் சிக்கல்களில்தான் இருக்கிறது.

இதனால் யாருக்கு லாபம் என்பீர்கள். பிரான்சில் சிப் ஒட்டிய தேனீக்களுக்குத் தயாமீதாக்சாம் என்ற பூச்சிமருந்தைச் சாகாத அளவில் கொடுத்து வெளியே விட்டார்கள். பல தேனீக்கள் கூடு திரும்பவில்லை. 2012இல் வெளியான ஆய்வு அது. பிறகு வந்த ஆய்வுகளும் சேர, 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் திறந்த வயல்களில் அந்த மருந்தையே தடை செய்தது.

இனி படிப்புக்கு வருகிறேன். இதற்கென்று தனிப் பட்டம் கிடையாது. அப்படி ஒன்று இருப்பதாக யாராவது கட்டணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். மகள் கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவு என்பதால் இரண்டு கதவும் திறந்திருக்கின்றன. சிப்பைச் செய்பவர் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். தேனீயிடம் என்ன கேட்பது என்று தெரிந்தவர் பூச்சியியல் படித்தவர். பக்கத்து வீட்டுப் பெட்டி வாசலில் உட்கார்ந்து, பத்து நிமிடத்துக்கு எத்தனை தேனீ மகரந்தத்துடன் திரும்புகிறது என்று நோட்டில் எழுதி வைக்கிறாள் என்றீர்களே, அவள் இரண்டாவது ரகம். நீங்கள் விரும்பும் இசிஇ-யில் சேர்த்தால் தேறிவிடுவாள், ஆனால் அந்த நோட்டு பரணுக்குப் போய்விடும்.

என் யோசனை: கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. வேளாண்மை, பிறகு பூச்சியியலில் எம்.எஸ்சி. ஆராய்ச்சி மட்டுமே போதும் என்றால் ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வையும் எழுதட்டும். இடையில் பைத்தான் என்ற கணினி நிரல் மொழி, கொஞ்சம் புள்ளியியல். சிப் கொட்டும் தரவைப் படிக்க அது வேண்டும்.

வேலை விஷயத்தில் மறைக்க மாட்டேன். தேனீக்குச் சிப் ஒட்டும் பணியிடங்கள் நம் நாட்டில் விரல்விட்டு எண்ணத்தான் இருக்கும். முனைவர் பட்டம் வரை போனால் பத்து வருடம் ஆகும். ஆனால் வழியில் நின்றாலும் நிழல் உண்டு: டிஎன்பிஎஸ்சி வேளாண்மை அலுவலர், வங்கிகளின் வேளாண் கள அலுவலர், விதை நிறுவனங்கள். அதனால்தான் வேளாண்மையை முதலில் சொன்னேன்.

விண்ணப்பம் போடும் முன் ஒருமுறை நேரில் வாருங்கள். மகளையும் அழைத்து வாருங்கள். கேள்விகளுக்கு அவளே பதில் சொல்லட்டும். அந்த நோட்டையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள்.