ரிப்போர்ட்டா, ஆஸ்பத்திரியா, மண்டபமா?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், செமிலிங் பக்கத் தோட்டங்களில் இருந்து பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய பெற்றோரும், ஹாஸ்டலில் இருக்கும் மாணவர்களும் கேட்டவை. வளாகத்தில் குற்றம் நடந்தால் யாரிடம் போவது என்பது மட்டும்தான் இங்கே பேச்சு. படிப்புக் கடன் பற்றிக் கேட்ட நால்வர் மன்னிக்கவும்.

கேள்வி: ராத்திரி மகள் அழுதுகொண்டே போன் செய்து, பலாத்காரம் என்று சொன்னால் முதலில் எங்கே போவது? தோட்டத்து மருந்தகத்தில் இருக்கும் டிரஸரிடம் காட்டலாமா?

பதில்: டிரஸரும் வேண்டாம், தனியார் கிளினிக்கும் வேண்டாம் அம்மா. அவர்கள் காயத்துக்கு மருந்து போடுவார்கள், தடயம் எடுக்க மாட்டார்கள். நேராக அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். உங்கள் பக்கத்துக்குச் சுங்கைப்பட்டாணி. கவுண்டரில் நின்று கதையெல்லாம் சொல்ல வேண்டாம். "ஓ.எஸ்.சி.சி." (பலாத்காரம் போன்றவற்றில் பாதிக்கப்பட்டவர்களுக்கான ஒரே இட உதவி மையம்) என்றால் புரிந்துகொண்டு தனி அறைக்கு அழைத்துப் போவார்கள்.

கணக்கு 72 மணி நேரம். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை அதற்குள் ஆரம்பித்தால்தான் பலன். பிறகு 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உடம்பில் இருக்கும் தடயமும் மணிக்கு மணி குறையும். குளிக்காமல், பல் துலக்காமல், துணி துவைக்காமல் வரச் சொல்லுங்கள். உடுப்பை மாற்றிவிட்டால் ஒவ்வொரு துணியையும் தனித்தனிக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும், டி.என்.ஏ. கெட்டுவிடும். பானத்தில் ஏதோ கலந்த சந்தேகம் இருந்தால் முதல் சிறுநீர் முக்கியம். சில மருந்துகள் பன்னிரண்டு மணி நேரத்திலேயே உடம்பை விட்டுப் போய்விடும். அடக்க முடியவில்லை என்றால் சுத்தமான போத்தலில் பிடித்துக் கையோடு கொண்டு போங்கள்.

கேள்வி: போலீஸ் ரிப்போர்ட் இல்லாமல் ஆஸ்பத்திரியில் பார்ப்பார்களா?

பதில்: சிகிச்சைக்கு ரிப்போர்ட் தேவையில்லை. எடுத்த தடயத்தைப் போலீசிடம் ஒப்படைக்கத்தான் தேவை. அதை ஆஸ்பத்திரியில் இருந்தபடியே கொடுக்கலாம். 18 வயது நிரம்பாத மாணவி என்றால் டாக்டர் சமூக நலத்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், அவருக்கு வேறு வழியில்லை.

கேள்வி: ஹாஸ்டலில் நிறுத்திய மோட்டார் காணாமல் போச்சு.

பதில்: இன்றைக்கே ரிப்போர்ட், அடுத்து இன்சூரன்ஸ். அவ்வளவுதான் தம்பி.

கேள்வி: கவுன்சிலரிடம் சொன்னால் நிர்வாகத்துக்குப் போகுமா?

பதில்: கவுன்சிலர் சட்டம் 1998 ரகசியம் காக்கச் சொல்கிறது, உயிருக்கு ஆபத்து போன்ற விலக்குகள் உண்டு. ஆனால் அந்த நாற்காலியில் இருப்பவர் பதிவுபெற்ற கவுன்சிலரா என்று பாருங்கள். பெயர்ப் பலகையில் கே.பி. (கவுன்சிலர் பதிவு), பி.ஏ. (தொழில் செய்யும் சான்றிதழ்) என்று இரண்டு எண்கள் இருக்கும். மாணவர் விவகாரப் பிரிவின் அதிகாரி அன்பாகப் பேசினாலும் கவுன்சிலர் ஆகமாட்டார். அவர் கோப்பு திறப்பார். அவரிடம் கேட்க வேண்டியவை வேறு: அறை மாற்றம், வகுப்பு மாற்றம், எதிராளி நெருங்கக் கூடாது என்ற உத்தரவு, கேமரா பதிவு. எல்லாவற்றையும் மின்னஞ்சலில், தேதி, இடம், மணியோடு கேளுங்கள். கேமராப் பதிவு தானாக மேலெழுதப்படும். வாய்மொழியாகக் கேட்டு இரண்டு வாரம் காத்திருந்தால் திரை காலியாகத்தான் இருக்கும்.

கேள்வி: பழைய காதலன் ஹாஸ்டல் வாசலில் நிற்கிறான், தினம் மெசேஜ் போடுகிறான். கைவைக்கவில்லை என்பதால் கேஸ் நிற்காது என்கிறார்கள்.

பதில்: நிற்கும் தங்கச்சி. பின்தொடர்தல் இப்போது தனிக் குற்றம்: தண்டனைச் சட்டம் 507ஏ, 2023 மே 31 முதல் அமலில் இருக்கிறது. மூன்றாண்டு வரை சிறை. ஒரு நாள் வந்தான் என்பது போதாது, தொடர்ச்சியைக் காட்ட வேண்டும். ஒரு நோட்டில் தேதி, மணி, இடம், யார் பார்த்தார்கள் என்று எழுதி வையுங்கள். மெசேஜை அழிக்காதீர்கள். சேமித்த பெயரோடு எடுத்த ஸ்கிரீன்ஷாட்டைவிட, எண் தெரியும்படி எடுத்ததற்கு மதிப்பு அதிகம். விசாரணை நடக்கும்போதே மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கித் தரச் சொல்லிப் போலீசிடம் கேட்கலாம்.

கேள்வி (கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்): எல்லாவற்றுக்கும் போலீஸ் என்றால் இரண்டு குடும்பமும் நாசம். மண்டபத்தில் உட்கார்ந்து பேசி, பையன் வீட்டில் ஒரு தொகை வாங்கிக் கொடுத்தால் என்ன தவறு?

பதில்: தவறு என்று நான் சொல்லவில்லை ஐயா, தண்டனைச் சட்டம் சொல்கிறது. குற்றவாளியைத் தண்டனையிலிருந்து மறைக்கப் பணம் வாங்குவது பிரிவு 213, கொடுப்பது 214. மண்டபத்தில் நடுவராக உட்கார்ந்தவரும் விசாரணையில் பதில் சொல்ல வேண்டி வரலாம். இன்னொன்று, பலாத்கார வழக்கை அந்தப் பெண்ணே "வாபஸ்" வாங்க முடியாது. வழக்குத் தொடுப்பது அரசியலமைப்பு 145ஆம் விதிப்படி சட்டத்துறைத் தலைவரின் கையில்.

கேள்வி (அதே ஐயா): அப்படியானால் தோட்டத்து அடிதடியில்கூட சமாதானம் ஆகக் கூடாதா?

பதில்: அது வேறு. சாதாரணக் காயம், பிரிவு 323, அடிபட்டவர் விரும்பினால் சமாதானம் ஆகலாம். வழக்கு நீதிமன்றம் போன பிறகு என்றால் அனுமதி வேண்டும். இதையும் அதையும் ஒரே பாயில் உட்கார வைக்காதீர்கள்.

கேள்வி (ஓர் அக்கா): ஐயா சொல்வதில் நியாயம் இருக்கு. கோர்ட்டில் வக்கீல் பெண்ணின் மானத்தை வாங்குவாரே?

பதில்: பயம் நியாயமானது அக்கா. அதற்காகத்தான் சாட்சியச் சட்டம் 146ஏ இருக்கிறது. சில விலக்குகள் தவிர, மற்றவர்களோடு அவளுக்கு இருந்த உறவுகளைக் கிளறக் கூடாது. மூடிய அறையில் விசாரிக்கவும் கேட்கலாம். மண்டபத்திலோ ஐம்பது பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அங்கே எந்த 146ஏ?

இனி மண்டபக் கேள்விகளுக்கு இதுவே பதில். இன்னும் ஆறு வந்திருக்கின்றன.

கேள்வி: மகள் குளித்துவிட்டாள், துணியும் துவைத்தாச்சு. இனி போய்ப் பயனில்லையா?

பதில்: போங்கள். மாத்திரை இருக்கிறது, காயங்கள் இருக்கின்றன, மெத்தை விரிப்பு இருக்கிறது. விரிப்பைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஆஸ்பத்திரியா, ரிப்போர்ட்டா, எது முதலில்?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: விரிவுரையாளர் ஆபாசமாக வாட்சாப் அனுப்புகிறார். ஆதாரம் இருக்கிறது, ஆனால் போலீசுக்குப் போக விருப்பமில்லை.

பதில்: பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம் 2022இன் கீழ் தீர்ப்பாயம் இருக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை, மூடிய விசாரணை. முதல் நாள் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிவு. இரண்டரை லட்சம் ரிங்கிட் வரை இழப்பீடு விதிக்கலாம். பல்கலைக்கழக ஒழுங்கு விசாரணையும் தனியாக நடக்கலாம். பழைய போனை விற்காதீர்கள்.

கேள்வி: வேலை தருகிறேன் என்று பணம் பறித்துவிட்டார்கள்.

பதில்: இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு மோசடிப் புகார் எண் 997க்கு அடியுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு ஓடுவதற்குள்.

கேள்வி: ரிப்போர்ட் கொடுத்து இரண்டு மாதம் ஆச்சு. ஐ.ஓ. (விசாரணை அதிகாரி) போனை எடுக்க மாட்டேன் என்கிறார்.

பதில்: போன் போடுவதை விடுங்கள், எழுதுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107ஏ: புகார் கொடுத்து நாலு வாரம் தாண்டினால், விசாரணை நிலவரத்தைக் கேட்கும் உரிமை புகார்தாரருக்கு உண்டு. கேட்டு இரண்டு வாரத்துக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் பப்ளிக் பிராசிக்யூட்டருக்கு எழுதலாம். கடிதத்தில் ரிப்போர்ட் எண்ணைப் போட மறக்காதீர்கள். ரிப்போர்ட்டைக் கையெழுத்துக்கு முன் வாசித்துக் காட்டச் சொன்னீர்களா? மலாய் புரியாத அம்மாக்கள் வெட்கப்படாமல் கேட்க வேண்டும். வாசித்துக் காட்டுவது அவர்கள் கடமை.

கேள்வி: தண்டனை கிடைத்தால் எங்களுக்கு ஏதாவது உண்டா?

பதில்: தீர்ப்புக்கும் தண்டனைக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி வரும். அப்போது பாதிப்பைப் பற்றிப் பேசும் உரிமை அதே நடைமுறைச் சட்டத்தின் 183ஏ பிரிவில் இருக்கிறது. நஷ்ட ஈடு 426இல். அதை அரசுத் தரப்பு வழக்கறிஞரான டி.பி.பி.தான் கேட்க வேண்டும், ஆகவே அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மருந்துச் சீட்டு, விட்ட செமஸ்டரின் கட்டணம், சுங்கைப்பட்டாணிக்குப் போய்வந்த பஸ் டிக்கெட், எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள்.