சிறிய முன்சக்கர இயக்கக் காரை வைத்துக்கொண்டு பனிக்காலத்தைச் சமாளிக்க முடியுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது சிறிய முன்சக்கர இயக்கக் கார். ஆண்டுக்கு நான்கைந்து மாதம் பனி பொழியும் ஊருக்குக் குடிபெயரப் போகிறேன். இதை விற்றுவிட்டு ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரங்களும் இழுக்கும்) வண்டி வாங்க வேண்டுமா? இப்போதுள்ள ஆல் சீசன் டயர்கள் போதுமா? டிக்கியில் மணல் மூட்டை போட்டுக்கொள்ளச் சொல்கிறார்களே, அது சரியா?

பதில்: காரை விற்க வேண்டாம். டயர்களை மட்டும் மாற்றுங்கள். மணல் மூட்டை விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். பல குளிர்காலங்களாக இதே வகைக் காரைப் பனியில் ஓட்டி வருபவன் நான். இந்த வகை வண்டியால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலான நாட்களில் உங்களுக்குக் குறை ஒன்றும் தெரியாது.

இன்ஜினும் கியர்பாக்ஸும் முன்சக்கரங்களின் மேலேயே அமைந்திருப்பதால், இத்தகைய காரின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்பக்கம் விழுகிறது. வண்டியை இழுக்கும் சக்கரங்களும் அவைதான் என்பதால், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது பின்சக்கர இயக்க வண்டியை விட இதற்குப் பிடிப்பு அதிகம். ஆல் வீல் டிரைவ் வண்டி இதை விடவும் எளிதாகக் கிளம்பும், மேட்டில் ஏறும். அதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் எந்தக் காரிலும் பிரேக் நான்கு சக்கரங்களுக்கும் உண்டு. ஆகவே நிற்கும்போது ஆல் வீல் டிரைவால் கூடுதல் லாபம் எதுவும் கிடைப்பதில்லை. வளைவில் வண்டியைப் பாதையில் பிடித்து வைப்பதும் பெரும்பாலும் டயரின் வேலையே. சிரமமில்லாமல் கிளம்பிவிட்ட ஓட்டுநர் நிற்பதும் அதே போல் எளிதாக இருக்கும் என்று எண்ணிக்கொள்வதுதான் அந்த வண்டிகளில் இருக்கும் ஆபத்து என்பது என் கருத்து.

இனி டயர். பணத்தை இங்கேதான் போட வேண்டும். வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் கோடைக்கால டயரின் ரப்பர் இறுகி, சாலையின் நுண்ணிய மேடு பள்ளங்களில் படிந்து பிடிக்கும் தன்மையை இழக்கிறது. ஆல் சீசன் டயர் அதைவிடச் சற்றுத் தாங்கும், அவ்வளவே. குளிர்கால டயரின் ரப்பர் கடுங்குளிரிலும் மிருதுவாக இருக்கும்படி கலக்கப்பட்டது. அதன் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகளில் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள் நெருக்கமாக ஓடுவதைப் பார்க்கலாம். சக்கரம் உருளும்போது அந்த வெட்டுகள் விரிந்து பனியைக் கவ்வுகின்றன. கட்டைகளுக்கு இடையே உள்ள பள்ளங்களில் அடைபடும் பனி, சாலையில் கிடக்கும் பனியோடு ஒட்டிக்கொண்டு பிடிப்பைக் கூட்டுகிறது. கோடையில் கூழாங்கல் சிக்கினால் எடுத்தெறிகிற அதே பள்ளங்களில், இப்போது பனி நிரம்பியிருப்பது நமக்கு நன்மை.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்த குறி இருக்கிறதா என்று பாருங்கள். பனியில் சோதிக்கப்பட்டுத் தேறிய டயருக்குத்தான் அது கிடைக்கும். 'எம் பிளஸ் எஸ்' (M+S, சேறும் பனியும்) என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் அதற்குப் பின்னால் அத்தகைய சோதனை எதுவும் கிடையாது. ஜெர்மனியில் 2024 அக்டோபர் 1 முதல் அந்த எழுத்துகள் மட்டும் உள்ள டயரைக் குளிர்கால டயராகக் கணக்கில் எடுப்பதில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். நீங்கள் போகும் இடத்தில் விதி என்னவென்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். விதி இல்லாவிட்டாலும் போடுங்கள். ஆண்டு முழுவதும் ஒரே டயரில் ஓட்ட விரும்புவோருக்கு, அந்த மலைக் குறி பெற்ற ஆல் வெதர் டயர்கள் ஓர் இடைப்பட்ட வழி. பனி அவ்வப்போது விழுந்து உடனே உருகிவிடும் ஊருக்கு அது போதும். நான்கைந்து மாதம் பனி என்றால் தனிக் குளிர்கால டயரே மேல். எதுவாயினும் பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் பனியில் அதன் பயன் வேகமாகக் குறையும்.

செலவைக் குறைப்பதற்காக, இழுக்கிற முன்சக்கரங்களுக்கு மட்டும் குளிர்கால டயர் போட்டால் போதாதா என்று பலரும் கேட்பதுண்டு. போதாது என்பது மட்டுமல்ல, நான்கிலும் பழைய டயர் இருப்பதை விட இது மோசம். முன்பக்கம் நன்றாகப் பிடித்து வேகம் குறையும்போதோ வளையும்போதோ, பிடிப்பில்லாத பின்பக்கம் பின்தங்காமல் பக்கவாட்டில் சறுக்கி முன்னே வர முயலும். இறக்கத்தில், வளைவுக்கு முன் லேசாகப் பிரேக் போட்ட மாத்திரத்தில் வண்டி அரைவட்டமடித்து நிற்பது பெரும்பாலும் இப்படித்தான் நிகழ்கிறது. நான்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும். தேய்மானத்தில் வேறுபாடு இருந்தால் நல்ல ஜோடி பின்னால் போக வேண்டும். முன்சக்கர இயக்கக் காரில் முன் டயர்கள் விரைவாகத் தேயும் என்பதால், ஒவ்வொரு பருவத்திலும் மாற்றிப் பூட்டும்போது இதைக் கவனித்தால் போதுமானது.

சிறிய காருக்கு இதில் ஒரு சாதகமும் உண்டு. குறுகலான டயர் பனியை அதிகம் உழாமல் கீறிக்கொண்டு போகும். உங்கள் கார் 17 அங்குல ரிம்மில் அகலமான டயரோடு வந்திருந்தால், கையேட்டில் அனுமதி இருக்கும் பட்சத்தில், குளிர்காலத்துக்கென 15 அல்லது 16 அங்குல ரிம்மில் குறுகலான டயரைப் பூட்டிக்கொள்ளுங்கள். சாலைப் பள்ளத்தில் விழுந்தாலும் தாங்கும், டயரின் விலையும் குறையும். இன்னொன்று, வெப்பநிலை ஐந்தரை டிகிரி இறங்கினால் டயரின் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும். முதல் கடுங்குளிர் அன்று அழுத்தத்தைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

நிற்கும் தூரத்தை ஒருமுறையாவது கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், உராய்வுக் கெழு (பிடிப்பின் அளவைக் காட்டும் எண்) 0.8 உள்ள உலர்ந்த தார்ச்சாலையில் பிரேக் போட்ட பின் 12 மீட்டர் போல் ஓடி நிற்கும். இறுகிய பனியில் அந்தக் கெழு 0.2 என்று கொண்டால் 49 மீட்டர். பனிக்கட்டியில் 0.1 என்றால் 98 மீட்டர். பிரேக்கை மிதிக்க நாம் எடுத்துக்கொள்ளும் ஒரு விநாடியில் ஓடும் 14 மீட்டரை இதில் சேர்க்கவில்லை. அதே இறுகிய பனியில் வேகத்தை 30 ஆகக் குறைத்தால் 18 மீட்டருக்குள் வண்டி நின்றுவிடும். குளிர் கடுமையாக இருக்கும் நாளை விட, பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும் நாளே எனக்கு அதிகக் கவலை தருவது; மேற்பரப்பில் நீர்ப்படலம் படிந்த பனிக்கட்டியைப் போல் வழுக்குவது வேறில்லை. பாலங்களுக்கு மேலும் கீழும் குளிர்காற்று வீசுவதால் மற்ற சாலைக்கு முன்பே அவை உறைந்துவிடும். டயரின் இரைச்சல் திடீரென்று அடங்கி, ஸ்டீயரிங் கையில் லேசாகிவிட்டால், கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியின் மேல் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அவசரமாக நிற்க வேண்டியிருந்தால் பிரேக்கை அழுத்தி மிதியுங்கள். பெடல் காலுக்கடியில் தடதடவென்று அதிரும், கரகரவென்ற சத்தம் கேட்கும். அது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் வேலை செய்வதன் அறிகுறி. பயந்து காலை எடுத்துவிடக் கூடாது. உதிரிப் பனியில் ஏபிஎஸ் உள்ள வண்டி நிற்க இன்னும் சற்று அதிகத் தூரம் எடுத்துக்கொள்வதும் உண்டு, ஏனென்றால் பூட்டிக்கொண்ட சக்கரத்தின் முன் குவியும் பனியே ஒரு தடுப்பாகிவிடும், ஏபிஎஸ் அப்படிக் குவிய விடுவதில்லை. ஆனாலும் மிதித்துக்கொண்டே வண்டியைத் திருப்ப முடிகிறது என்ற ஒன்றுக்காகவே அது வேண்டும்.

முன்சக்கர இயக்கத்தின் உண்மையான பலவீனம் வளைவில் தெரியும். இழுப்பது, திருப்புவது இரண்டையும் முன் டயர்களே செய்கின்றன. ஒரே சம்பளத்தில் இரண்டு குடும்பத்தை நடத்துவது போன்றது அது. வளைவில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் திருப்புவதற்கு மிச்சமிருக்கும் பிடிப்பு குறைந்து, ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேரே போகும். அப்போது இன்னும் திருப்புவதுதான் எல்லோருக்கும் தோன்றுவது. அதற்கு மாறாக, காலை மெல்லத் தளர்த்தி, ஸ்டீயரிங்கைச் சற்று நேராக்கினால் டயர் மீண்டும் உருண்டு பிடிக்கத் தொடங்கும். காலை 'வெடுக்'கென்று எடுப்பதும் தவறு. எடை சட்டென்று முன்னால் சாய்ந்து, பின்பக்கம் இலேசாகிச் சறுக்கும். பின்பக்கம் சறுக்கிவிட்டால், போக வேண்டிய திசையிலேயே பார்வையை வைத்து, பின்பக்கம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்பி, ஆக்சிலரேட்டரை மிக லேசாகத் தொடுங்கள். முன்சக்கரங்கள் வண்டியை இழுத்து நேராக்கிவிடும். பின்சக்கர இயக்கத்தில் பழகியவர்களுக்கு, இப்படி ஆக்சிலரேட்டரைத் தொடுவது தலைகீழாகத் தோன்றும்.

கியர் வண்டி ஓட்டுபவர்கள், சறுக்கும் இறக்கத்தில் திடீரென்று கீழ்க் கியருக்கு மாற்றி கிளட்சை விட்டுவிடக் கூடாது. இன்ஜினின் தடை முழுவதும் முன்சக்கரங்களில் மட்டுமே விழுவதால் அவை பூட்டிக்கொண்டது போல் வழுக்கி, திருப்பும் சக்தியும் போய்விடும். இறக்கம் தொடங்கும் முன்பே கீழ்க் கியரில் இருந்துகொண்டால் அந்தச் சிக்கல் எழாது. வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைத்திருக்கும் க்ரூஸ் கண்ட்ரோலை அணைத்துவிடுங்கள்.

மேடு இன்னொரு சோதனை. ஏறும்போது எடை பின்னால் சாய்வதால், இழுக்கிற முன்சக்கரங்கள் இலேசாகின்றன. பாதியில் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது கடினம் என்பதால், முன்னால் போகிற வண்டி மேட்டை முழுவதும் ஏறி முடிக்கும் வரை கீழேயே காத்திருந்து, பின் சீரான வேகத்தில் நிற்காமல் ஏறுவது என் வழக்கம். குட்டையான செங்குத்து மேட்டில் பழைய தந்திரம் ஒன்று இன்றும் பலிக்கும். வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றினால், இழுக்கும் சக்கரங்கள் கீழ்ப்பக்கமாகி, எடை அவற்றின் மேலேயே வந்து விழும். வேறு வாகனம் வராத இடத்தில் மட்டும் செய்ய வேண்டியது இது.

இந்தக் காரை உண்மையில் நிறுத்திவிடுவது தரை இடைவெளிதான். சிறிய கார்களின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் பொதுவாக 13 முதல் 15 சென்டிமீட்டர் வரைதான் இடைவெளி. பனி அதற்கு மேல் குவிந்திருந்தால் வண்டி பனியின் மேல் வயிற்றைப் படிய வைத்துக்கொண்டு, சக்கரங்கள் சும்மா சுற்றும். தெருவில் பனி குறைவாக இருந்தாலும், பனி அகற்றும் வண்டி ஓரமாகத் தள்ளிவிட்டுப் போகும் வரப்பு வாசலை அடைத்து நிற்கும். பார்வைக்கு மென்மையாகத் தெரியும் அது, சில மணி நேரத்தில் கல்லாக இறுகிவிடும். வேகமாக மோதித் தாண்டலாம் என்று நினைத்தால் பம்பரின் கீழ்ப்பகுதி கையோடு வந்துவிடும். மண்வெட்டியை எடுத்து இரண்டு சக்கரத் தடங்களையும் அவற்றின் நடுப்பகுதியையும் வெட்டி எடுத்த பிறகே வண்டியை நகர்த்துங்கள். சாலையில் பனி அகற்றப்படாமலேயே தினமும் விடியற்காலையில் கிளம்ப வேண்டிய வேலை உங்களுடையது என்றால், அப்போதுதான் உயரமான வண்டியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

சிக்கிக்கொண்டால் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருக்காதீர்கள். சுற்றும் டயர் அடியிலுள்ள பனியை உருக்கிப் பளபளப்பான பனிக்கட்டியாக்கிவிடும். டிராக்ஷன் கண்ட்ரோல் சக்கரம் சுற்றியதும் இன்ஜினின் சக்தியைக் குறைப்பதால், ஆழமான பனியிலிருந்து வெளியேறும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் அதை அணைத்துவிட்டு, முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டி வெளியே வாருங்கள். வந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்க நேர்ந்தால் புகைக்குழாயின் வாயில் பனி அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்து உயிரையே பறித்துவிடும்.

ஆழ்ந்த பனியில் ஓட்டிய பின் வேகமெடுத்ததும் ஸ்டீயரிங் கடகடவென்று ஆடினால், உடனே மெக்கானிக்கைத் தேடி ஓட வேண்டாம். ரிம்முக்குள் ஒரு பக்கமாகப் பனி உறைந்து ஒட்டிக்கொண்டு சக்கரத்தின் சமநிலையைக் கெடுத்திருக்கும், தட்டி எடுத்தால் சரியாகிவிடும். எல்இடி முகப்பு விளக்குகளின் கண்ணாடி அவ்வளவாகச் சூடாவதில்லை என்பதால் மேலே படியும் பனி தானாக உருகாது, அவ்வப்போது துடைக்க வேண்டும். ஈரப்பனியில் ஓட்டிவிட்டு இரவில் சமதரையில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக்கைப் போட்டால் அது உறைந்து பிடித்துக்கொள்ளலாம். கியரிலோ 'பார்க்'கிலோ விட்டுவைப்பது மேல்.

மணல் மூட்டை பின்சக்கர இயக்க வண்டிக்காரர்களின் வழக்கம். இழுக்கிற சக்கரம் அங்கே பின்னால் இருப்பதால் அவர்களுக்கு அது பலன் தரும். உங்கள் காரின் டிக்கியில், பின் அச்சுக்கும் பின்னால் கனமான எடையை ஏற்றினால் முன்சக்கரங்களின் மேலுள்ள எடை குறைந்து, இருக்கிற பிடிப்பும் போகும். ஒரு சிறு பையில் கரடுமுரடான மணல் மட்டும், சக்கரத்துக்கு அடியில் தூவுவதற்காக, மண்வெட்டியோடும் கையுறையோடும் போர்வையோடும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.