கடல் மேல ஒரு நாடு, அதுக்கு ஒரு பாஸ்போர்ட்: அக்கா, அந்த 6,000 வெள்ளியைக் கொடுத்துடாதீங்க

மலேசியாவுல, சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. எடுத்து வளர்த்த பையன், 16 வயசு, சூராட் பெரானாக்குல (பிறப்புச் சான்றிதழ்) 'புக்கான் வார்காநெகாரா', அதாவது பிரஜை இல்லன்னு இருக்கு, ஐசி (அடையாள அட்டை) கிடையாது. கடல்ல புதுசா ஒரு நாடு இருக்கு, 6,000 வெள்ளி கட்டுனா பிரஜையாக்கி பாஸ்போர்ட் தருவாங்க, அதை வச்சு சிங்கப்பூர் போயிடலாம்னு ஒரு ஏஜென்ட் சொல்றாராம். இது செல்லுமான்னு கேக்குறாங்க.

செல்லாது அக்கா. பிளேன்ல போனா இமிகிரேசன் வரைக்கும்கூடப் போகாது, செக்-இன் கவுண்டர்லயே திருப்பி அனுப்பிடுவாங்க.

நாடுன்னா என்னன்னு 1933 மான்டிவிடியோ ஒப்பந்தத்துல நாலு விஷயம் எழுதி வச்சிருக்காங்க: நிலையா வாழுற ஜனங்க, நிலம், அரசாங்கம், மத்த நாடுகளோட உறவு வச்சுக்குற தகுதி. இந்த மாதிரி 'நாடுங்க' பெரும்பாலும் நிலத்துலயே மாட்டிக்கும். சீலாண்ட்னு ஒண்ணு இருக்கு, இங்கிலாந்து கரைக்கு அப்பால, ரெண்டாம் உலகப் போர்ல பிரிட்டிஷ்காரன் கட்டுன ரெண்டு கான்கிரீட் தூணு, மேல ஒரு தட்டு, அவ்வளவுதான். 1967ல ஒருத்தர் ஏறி உக்காந்து இது என் நாடுன்னுட்டார். ஒரு ஜெர்மன்காரர் நான் சீலாண்ட் பிரஜை, ஜெர்மன் பிரஜை இல்லன்னு கேஸ் போட, 1978ல கொலோன் கோர்ட்டு இது பூமியோட இயற்கையான பகுதியே இல்ல, மனுசன் கட்டுனது, அதனால நாடு இல்லன்னு சொல்லிடுச்சு. ஐ.நா. கடல் சட்டமும் செயற்கைத் தீவுக்குத் தீவோட அந்தஸ்து கிடையாதுன்னுதான் சொல்லுது. அதே சீலாண்ட், போலி பாஸ்போர்ட்டுங்க ஊரெல்லாம் சுத்துதுன்னு 1997ல தான் கொடுத்த பாஸ்போர்ட் அத்தனையையும் ரத்து பண்ணிடுச்சு.

ஏஜென்ட் வேற ஒண்ணு காட்டுவான், ஐ.நா. கூட்டத்துல எடுத்த போட்டோ, ஏதோ ஒரு மேயர் கைகுலுக்குற போட்டோ. நித்யானந்தா சாமியார் தனி நாடுன்னு சொல்ற கைலாசாவோட, அமெரிக்காவுல இருக்கிற நியூவார்க் நகரம் 2023 ஜனவரியில ஒப்பந்தம் போட்டுச்சு, கையெழுத்துப் போட்ட சில நாள்லயே அதை ரத்து பண்ணிடுச்சு. நகர மேயர் கையெழுத்து ஒரு நாட்டை உருவாக்காது, போட்டோவும் உருவாக்காது.

அப்புறம் மால்டா ஆர்டரைக் காட்டுவான், நிலமே இல்ல, பாஸ்போர்ட் கொடுக்குதுன்னு. இதைக் கொஞ்சம் நிதானமா கேளுங்க, இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. அது நூத்துக்கணக்கான வருஷப் பழைய கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு, மால்டா தீவை ஆண்டுச்சு, 1798ல நெப்போலியன் பிடுங்கிட்டான், இப்ப ரோம்ல இருக்கு. நூறு நாடுகளுக்கு மேல அதோட தூதரக உறவு வச்சிருக்கு, 1994ல இருந்து ஐ.நா.வுல பார்வையாளர். அதனால அதோட பாஸ்போர்ட்டைப் பல நாடு ஏத்துக்குது. ஆனா அது பொறுப்புல இருக்கிற சில பேருக்குத்தான், விலைக்குக் கிடையாது. அதே பேர்ல போலி ஆர்டருங்க பட்டம் விக்குது, இங்க போலி டத்தோ பட்டம் விக்கிற மாதிரிதான். காசு கேட்டா அது போலி, யோசிக்கவே வேணாம்.

ஏஜென்ட் கொடுக்குற அந்தப் பாஸ்போர்ட்டோட எல்லையில நின்னா பையன் மேலயே போலி பாஸ்போர்ட் கேஸ் விழலாம், ஏஜென்ட் போனை ஆஃப் பண்ணிட்டுப் போயிடுவான். இந்த மண்ணுல வளர்ந்த பிள்ளைய ஒரு காகிதத்துக்காக வருஷக்கணக்கா அலைய விடுற சிஸ்டம்தான் இவனுங்களுக்குச் சோறு போடுது, அது எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு.

மலேசிய அரசியலமைப்புல 15A பிரிவு இருக்கு, சின்ன வயசுப் பிள்ளைங்களுக்கு அரசாங்கம் சிறப்பா குடியுரிமை கொடுக்கலாம், வயசு தாண்டுனா அந்தக் கதவு மூடிடும். அதனால தத்து ஆர்டர், பள்ளிக்கூட ரெக்கார்ட், ஊசி போட்ட கார்டு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு இந்த வாரமே ஜேபிஎன் (தேசியப் பதிவு இலாகா) போங்க. தனியா போகப் பயமா இருந்தா ஈப்போவுல வழக்கறிஞர் மன்றத்தோட சட்ட உதவி மையத்துல முதல்ல கேளுங்க. கொடுக்குற ஒவ்வொரு பேப்பருக்கும் முத்திரை குத்துன ஒரு காப்பி கையில வாங்கிட்டு வாங்க.