தொடர்ந்து எழுத எந்த வலைப்பூ அமைப்பு நல்லது?

கேள்வி: "3 வருடத்தில் பிளாக்கர், வேர்ட்பிரஸ் என்று மாறி, இப்போது ஹ்யூகோவில் பாதி கட்டி வைத்திருக்கிறேன். மொத்தம் 11 பதிவுதான் தேறியது. தொடர்ந்து எழுத எது சரியான அமைப்பு?"

பிளாக்கருக்கே திரும்பிப் போங்கள். அந்தப் பழைய கணக்குக்கேதான். புதிதாக ஒன்று திறக்க வேண்டாம்.

இதைப் படித்ததும் "இந்தக் காலத்திலும் பிளாக்கரா?" என்று கிளம்பி வருபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹ்யூகோ, அதாவது உரைக் கோப்புகளிலிருந்து வலைத்தளத்தைக் கட்டித் தரும் மென்பொருள், மட்டம் என்று நான் சொல்லவில்லை. வேகத்தில் அதை அடிக்க ஆள் குறைவு. வேர்ட்பிரஸில் கடையே நடத்தலாம். ஆனால் கேட்டவருக்கு வேண்டியது வேகமும் இல்லை, கடையும் இல்லை, பன்னிரண்டாவது பதிவு. 11 பதிவுக்கு மூன்று வீடு மாறியவருக்கு நாலாவது வீட்டின் வரைபடத்தை நீட்டுவது உதவி ஆகாது. பிளாக்கர் கூகிளுடையதுதான், ஆனால் கூகிள் எனக்குக் காசும் தரவில்லை.

நீங்கள் இரவு 9 மணிக்கு மேல் எழுத உட்காருபவர், பாதி நேரம் கையில் இருப்பது போன்தான் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த நேரத்தில் பதிவு வெளியாவதற்குக் குறுக்கே எத்தனை படி நிற்கிறது என்பதை மட்டும் பாருங்கள். ஹ்யூகோவில் கோப்பு, அதன் தலையில் தேதி விவரம், கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் ஏற்றுவது, எங்கோ ஒரு சர்வர் அதைக் கட்டி முடிப்பது என்று நாலு படி. எந்தப் படி சறுக்கினாலும் அன்றைக்கு எழுத்து போய் ரிப்பேர் வந்து உட்காரும். இந்திய நேரத்தில் எழுதுபவர்களுக்கு அடிக்கடி நேர்வது ஒன்று உண்டு. காலை 9 மணி என்று நேரம் போட்டுப் பதிவை ஏற்றுவீர்கள். கூடவே +05:30 போடாவிட்டால் ஹ்யூகோ அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும். அப்படிப் பார்த்தால் அது நம் மதியம் 2.30. எதிர்காலத் தேதியிட்ட பக்கத்தை ஹ்யூகோ கட்டாது. பிழைச் செய்தியும் வராது. பதிவு வெறுமனே காணாமல் இருக்கும். 2.30 ஆனாலும் தானாக வராது, மறுபடி யாராவது கட்டச் சொல்ல வேண்டும். அமைப்புக் கோப்பில் நேர மண்டலத்தை ஏசியா/கொல்கத்தா என்று ஒரு வரி போட்டால் தீர்ந்தது. அது தெரிவதற்குள் ஒரு மாலை போய்விடும். தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம் கோப்புகளை கிட் சப்மாட்யூலாக (நகலாக இல்லாமல் இணைப்பாக மட்டும்) வைத்துவிட்டு வேறு கணினியில் இறக்கினால் தீம் ஃபோல்டர் காலியாக நிற்பது, ஹ்யூகோவைப் புதுப்பித்ததும் பழைய தீம் முறுக்கிக்கொள்வது எல்லாம் இதே வகை.

சரி, பிளாக்கரில் செய்ய வேண்டியவை. முதல் நாள் ஒன்றரை மணி நேர வேலை, அவ்வளவுதான்.

அமைப்புப் பகுதியில் நேர மண்டலத்தைப் பாருங்கள். +05:30 இல்லையென்றால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் காலை 7 மணிக்கு என்று நேரம் குறித்த பதிவு கண்ட நேரத்தில் வெளியாகும். கருத்துகளை மட்டுறுத்தலில் போடுங்கள், நீங்கள் அனுமதித்த பிறகே வெளியாகும். டெம்ப்ளேட்டுக்குப் பழைய 'சிம்பிள்' போதும். தனிப்பயனாக்கும் பகுதியில் கூடுதல் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் வரிகள்) சேர்க்கும் பெட்டி இருக்கும். அதில் எழுத்தளவு 18 பிக்சல், வரி உயரம் 1.7, இடப்பக்க ஒழுங்கு என்று போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். வரி உயரம் ஏன் முக்கியம் என்றால், ஆங்கிலத்துக்கு அளவெடுத்த 1.4இல் மேல்வரியின் 'ரு', 'ழு' கீழே இறங்கும் வால், கீழ்வரியின் புள்ளியிலும் 'கி', 'கீ' கொக்கியிலும் போய் முட்டும். இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும் ஒழுங்கைத் தொடவே வேண்டாம். நம் சொற்கள் நீளம். போன் திரையில் ஒரு வரிக்கு மூன்று சொல் விழுந்து நடுவில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். எழுத்து இடைவெளியையும் கூட்ட வேண்டாம். சாய்வெழுத்தும் வேண்டாம். தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் சாய்வுக்கென்று தனி வரைவு கிடையாது. பிரவுசரே நேரெழுத்தைப் பிடித்துச் சாய்த்துவிடும், அழுத்தம் வேண்டுமானால் தடித்த எழுத்து போதும்.

அடுத்ததுதான் எல்லோரும் கோட்டைவிடும் இடம்: பெர்மாலிங்க், அதாவது பதிவின் நிலையான முகவரி. முழுக்கத் தமிழில் தலைப்பு வைத்தால் பிளாக்கரால் அதிலிருந்து முகவரி உண்டாக்க முடியாது. 'பிளாக்-போஸ்ட்' என்று ஒன்று கொடுக்கும், அதே மாதத்தின் அடுத்த பதிவுக்குப் பின்னால் ஓர் எண்ணை ஒட்டும். ஆறு மாதம் கழித்து உங்கள் இணைப்புகளைப் பார்த்தால் எது எந்தப் பதிவு என்று உங்களுக்கே தெரியாது. அதனால் வெளியிடும் முன், வலப்பக்கப் பட்டியில் பெர்மாலிங்க்கைத் திறந்து, தனிப்பயன் என்பதைத் தேர்ந்து, ஆங்கில எழுத்தில் மூன்று நாலு சொல் நடுவில் சிறு கோடு விட்டுத் தட்டுங்கள். 'மாவடு-உப்பு-அளவு' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதியது போல. வெளியிட்ட பிறகு மாற்றுவதென்றால் பதிவை வரைவுக்குத் திருப்ப வேண்டும், பகிர்ந்த பழைய இணைப்பும் செத்துப்போகும்.

வேர்ட்பிரஸில் இந்தத் தொல்லை இல்லையே என்பார்கள். அங்கே வேறு மாதிரி. தலைப்பு அப்படியே முகவரியில் ஏறும், ஆனால் தமிழில் ஒவ்வொரு குறியும் சதவீதக் குறியும் எழுத்துமாக 9 இடம் பிடிக்கும். மெய்யின் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறி. முகவரிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 இடம். 'கோடைக்கால ஊறுகாய் வகைகள்' என்பதில் 22 குறி, 2 இடைவெளி. கணக்குப் போட்டால் 198உடன் 2, சரியாக 200. நாலாவது சொல் வைத்தீர்களோ, அது முகவரிக்குள் வராது. அதை வாட்ஸப்பில் ஒட்டினால் பாதித் திரைக்கு சதவீதக் குறி நிற்கும். எந்த அமைப்பானாலும் முகவரியை நீங்களே கையால் எழுதுங்கள் என்பதுதான் நான் சொல்வது.

எழுத்து எங்கே இருக்க வேண்டும்? உங்கள் கணினியில், வெறும் உரைக் கோப்பாக. பதிவுக்கு ஒரு கோப்பு; பெயரின் முன்னால் தேதி, பின்னால் அதே பெர்மாலிங்க் சொற்கள். படங்களை அதே பெயரில் ஒரு ஃபோல்டரில் போடுங்கள், அகலம் 1200 பிக்சலுக்குக் குறைத்து. பிளாக்கர் தரும் காப்புப் பிரதியில் பதிவுகளும் கருத்துகளும் வரும். படங்கள் வராது, அவற்றின் இணைப்புகள்தான் வரும். பலருக்கு இது பிரதியைத் திறந்து பார்க்கும் நாளில்தான் உறைக்கிறது. மாதம் ஒருமுறை அந்தப் பிரதியை இறக்கி அதே ஃபோல்டருக்குள் வையுங்கள்.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் எழுதுவீர்கள் என்றால், ஒட்டும்போது கன்ட்ரோலோடு ஷிஃப்டையும் சேர்த்து வி அழுத்துங்கள். சும்மா ஒட்டினால் வேர்டின் எழுத்துரு, அளவு, நிறம் எல்லாம் பதிவுக்குள் குடியேறும். நீங்கள் டெம்ப்ளேட்டில் வைத்த 18 அங்கே செல்லாது. பதிவுக்குப் பதிவு எழுத்தளவு மாறும் வலைப்பூக்களின் ரகசியம் இதுதான்.

போனில் தோன்றுவதைப் பிடித்துவைக்க மெயில் வழி இருக்கிறது. அமைப்பில் 'மின்னஞ்சல் மூலம் பதிவிடுதல்' என்பதில் ஒரு ரகசிய முகவரி உருவாக்கலாம். உடனே வெளியிடு என்பதை விட்டு, வரைவாகச் சேமி என்பதைத் தேர்ந்தெடுங்கள். உடனே வெளியானால் பெர்மாலிங்க் மறுபடி 'பிளாக்-போஸ்ட்'தான். மெயிலின் பொருள் வரி தலைப்பாகும். அடியில் உங்கள் மெயில் கையொப்பமும் தொற்றிக்கொண்டு வரும், அழித்துவிடுங்கள். பேருந்தில் குரல் தட்டச்சில் சொன்ன நாலு வரி வரைவாகக் காத்திருந்தால், இரவில் வெற்றுத் திரையை முறைத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

வாரம் ஒரு பதிவு, 300 முதல் 500 சொல். கையிருப்பில் எப்போதும் முடித்த வரைவு இரண்டு. காய்ச்சல், கல்யாணம் வந்த வாரம் அதிலிருந்து ஒன்றை எடுத்துப் போடலாம். மாதம் ஒன்றுதான் முடியும் என்றாலும் சரி. 'தினமும் எழுதுவேன்' என்று முகப்பில் அறிவித்த வலைப்பூவில் அந்த அறிவிப்புதான் கடைசிப் பதிவாக நிற்பதை நிறையப் பார்க்கலாம்.

தீம் மாற்றலாமா, இருட்டு நிறம் வைக்கலாமா, ஹ்யூகோவுக்கே போகலாமா என்று தோன்றிக்கொண்டேதான் இருக்கும். எழுத வராத நாளில் கூடுதலாகத் தோன்றும். அதற்கென்று ஒரு கோப்பு வைத்து தேதி போட்டு ஒரு வரி எழுதி மூடிவிடுங்கள். 25 பதிவு முடியும்வரை அதைத் திறந்து செயலில் இறங்கக் கூடாது. இடம் மாறுவது என்பது வெறும் கோப்பை நகர்த்துவதல்ல. ஆண்டு, மாதம் கொண்ட பழைய முகவரிகள் உடையும், கருத்துகள் வழியில் உதிரும், புதுப் பதிவுகளைச் சந்தாதாரர்களுக்குக் கொண்டுசேர்க்கும் ஓடையின் அடையாள எண்கள் மாறி உங்கள் சந்தாதாரர்களுக்கு 11 பழைய பதிவும் புதிதுபோல் ஒரே நாளில் போய் விழும். ஓடைகளைப் படிக்கப் பலரும் பயன்படுத்திய கூகிள் ரீடரை 2013 ஜூலையில் மூடிய பிறகும் ஓடையில் படிக்கும் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். அவர்கள்தான் முழுதாகப் படிப்பவர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒருவர் வாரக்கணக்கில் சரிபார்த்து எழுதும் பதிவை, பெயரை வெட்டிவிட்டு, கீழே "படித்ததில் பிடித்தது" என்று போட்டுக் குடும்பக் குழுவில் தள்ளிவிடும் அன்பர்களே, பிடித்ததென்றால் இணைப்பை அனுப்புங்கள். பெயரை வெட்ட எடுக்கும் நேரத்தைவிட அது குறைவு. வலப்பக்கச் சொடுக்கைத் தடுக்கும் நிரல் போடலாமே என்று எழுதுபவர்கள் சிலர் கேட்பார்கள். போடாதீர்கள், திருடுபவர் தடுமாற மாட்டார், ஒரு வரியை மேற்கோள் காட்ட நினைக்கும் நல்ல வாசகர்தான் தடுமாறுவார்.

வேர்ட்பிரஸுக்கு என்று வாங்கிய டொமைன் (சொந்த இணைய முகவரி) இன்னும் உயிரோடு இருந்தால் பிளாக்கரிலேயே மாட்டலாம். வெளியீட்டுப் பகுதியில் தனிப்பயன் டொமைனில் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ சேர்த்துத் தட்டினால், இரண்டு சிநேம் விவரம் (டொமைன் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் வரிகள்) காட்டும். இரண்டாவது உங்களுக்கென்று தனியாக உருவாவது, எழுத்துக்கு எழுத்து அப்படியே நகலெடுங்கள். டொமைன் விற்றவரின் தளத்தில், இந்த வரிகளை வைக்கும் டிஎன்எஸ் பக்கத்தில் இரண்டையும் சேர்த்து, பழைய வேர்ட்பிரஸ் சர்வரைக் காட்டும் வரிகளை நீக்குங்கள். இரண்டும் சேர்ந்து கிடந்தால் ஒன்றும் ஓடாது. சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள் ஆகும். பிறகு பிளாக்கர் அமைப்பில் எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) பகுதியின் இரண்டு பொத்தானையும் இயக்குங்கள். அந்தப் பாதி கட்டிய ஹ்யூகோ ஃபோல்டரை ஜிப் செய்து வைத்துக்கொள்ளுங்கள், அழிக்க வேண்டியதில்லை.